'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்காதே, கண்ணு!

சென்ற பொங்கல் விழா அன்று சங்கத்து மண்டபத்தின் பின்பக்கம் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மையார் வந்து பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க ரயில்வேயில பெரிய இஞ்சினியரா இருந்தவராமே. எங்க பையனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்களேன். மார்க் எல்லாம் நல்லாத்தான் வாங்கறான். நாலு பேர் முன்னாடி எழுந்து நில்லுன்னா மட்டும் வாயில கொழுக்கட்டை" என்றார். பக்கத்தில் நின்ற நம் மலர்க்குழு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "சார், இதையே ஒரு கட்டுரையா எழுதிக் குடுத்துடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பெரிய இஞ்சினியர் இல்லை. டிப்ளமா படித்துவிட்டு 1981இல் ரயில்வேயில் இன்ஸ்பெக்டர் வரிசையில் சேர்ந்தவன். தண்டவாளம், பாலம், வாய்க்கால், மண் இவற்றோடு முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினேன். இங்கிலீஷ் இலக்கணம் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு போய், அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் இங்கிலீஷில் சொல்லி, அவரைச் 'சரி' என்று சொல்ல வைப்பது எப்படி என்பதை அடிபட்டுக் கற்றுக்கொண்டவன். இப்போது பிள்ளைகள் அதை 'பிட்ச்' பண்ணுவது என்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் அப்படி ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியவில்லை.

நான் பிறந்தது கோபிநத்தம். பெயரைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்கு வேறு ஒரு முகமும் மீசையும் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அது வந்துதான் தீரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மைசூரிலிருந்து போனால் கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை. மலை இறங்கினால் பாலாறு. பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, கொளத்தூர், மேட்டூர். தாண்டாமல் காட்டுப் பக்கம் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது அதுவரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. ஊர் நகரவில்லை, எல்லைக் கோடு நகர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி ஜில்லா ஆகும்வரை எங்களுக்கு ஜில்லா தலைநகரம் மைசூர்தான். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் கன்னடம், அதற்கு மேலே போனால் இங்கிலீஷ். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு பாஷையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

என் அப்பா ஒரு பட்டா விஷயமாக விண்ணப்பம் கொடுக்கக் கொள்ளேகால் போனபோது என்னையும் கூட்டிப்போனார். எனக்குப் பத்து வயது இருக்கும். ஆபீஸ் வாசலில் மரத்தடியில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார்: "எங்க நிலத்துல பக்கத்துக்காரன் ரெண்டு சால் உழுதுட்டான், அளந்து குடுங்க." அவ்வளவுதான். அதை அந்த எழுத்தர் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினார். வணக்கத்துக்குரிய, மகா கனம் பொருந்திய, ஏழை எளியேன், தாழ்மையுடன், திருவுள்ளம் இரங்கி என்று அடுக்கிக்கொண்டே போய், இரண்டு சால் உழுத சங்கதி கடைசி வரிக்கு முந்தின வரியில் வந்தது. அப்பாவுக்குப் பரம திருப்தி. பணம் கொடுத்ததற்கு எழுத்து கனமாக இருந்தது அல்லவா! நிலத்தை அளக்க யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மரத்தடிக்காரர் என் மண்டைக்குள் குடியேறிவிட்டார் என்பது எனக்கு முப்பத்தைந்தாவது வயதில்தான் தெரிந்தது.

நான் வேலை பார்த்த ஒரு பகுதியில் ஓர் ஆழமான கட்டிங் இருந்தது. அதாவது மேட்டை வெட்டி, நடுவே தண்டவாளம் போட்ட இடம். இடம் எது என்று சொல்ல வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் மேலே இருக்கும் வயல்காட்டுத் தண்ணீர் முழுவதும் அந்தச் சரிவில் இறங்கி மண்ணைக் கரைத்துத் தண்டவாளத்தின் மேல் தள்ளும். உடனே காஷன் ஆர்டர் போடுவார்கள், ரயில்கள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். இரவெல்லாம் கேங்மேன்கள் லாந்தர் பிடித்துக் காவல். நாலு மழைக்காலம் இதே கதை. ஒருமுறை ராத்திரி பாட்ரோல் போன ஒரு கேங்மேனின் கால் சரிந்த கல்லில் மாட்டி எலும்பு முறிந்தது. அவரும் எங்கள் பக்கத்து ஆள், தமிழ்க்காரர்.

தீர்வு எனக்குத் தெரிந்திருந்தது. கட்டிங்கின் அடியில் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் பிரயோஜனம் இல்லை. மேலே, சரிவு ஆரம்பிப்பதற்கு முன்பே, ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டி வயல் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். நானூறு மீட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே லெவல் எடுத்து, வரைபடம் போட்டு, கணக்கும் போட்டேன்: மூன்று லட்சத்துச் சொச்சம்.

1994இல் பெரிய அதிகாரிகள் கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். முதல் நாள் இரவு உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். 'ரெஸ்பெக்டட் சார், வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ், ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக் டு சப்மிட்' என்று தொடங்கியது. கூட்டத்தில் எழுந்து நின்று அதை அப்படியே படித்தேன். அந்தக் கட்டிங் எந்த வருஷம் வெட்டப்பட்டது, மண் எந்த வகை, எந்தெந்தத் தேதிகளில் யார் யாருக்கு நான் கடிதம் எழுதினேன், எல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கம் நடுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் டீ வந்ததா என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தில்தான் வாய்க்கால் இருந்தது. அங்கே போவதற்குள், "ஓகே, ஓகே, வீ வில் லுக் இன்டு இட்" என்றார் தலைமை வகித்தவர். நான் சந்தோஷமாக 'தேங்க்யூ சார்' சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நம் பாஷையில் 'பார்க்கலாம்ங்க' என்றால் முக்கால்வாசி முடியாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அதையே இங்கிலீஷில் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை பாருங்கள்!

அந்த வருஷமும் மண் சரிந்தது.

கூட்டத்தில் இருந்த ஓர் அதிகாரி, வங்காளி, அதிகம் பேசாத மனிதர், சில மாதங்கள் கழித்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். டிராலியில் அந்தக் கட்டிங்கைக் கடக்கும்போது, "உன் யோசனை சரியானது. ஆனால் அன்றைக்கு நீ யாரிடமும் எதையும் கேட்கவே இல்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று பக்கம் படித்தேனே சார் என்றேன். "படித்தாய், கேட்கவில்லை" என்றார். டிராலியை நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கேயே சரிவில் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் என்னை எழுத வைத்தார். உனக்கு என்ன வேண்டும்? நானூறு மீட்டர் வாய்க்கால். என்ன செலவு? மூன்று லட்சத்து இருபதாயிரம். செய்யாவிட்டால் என்ன நஷ்டம்? இங்கேதான் நான் முழித்தேன். நஷ்டத்தை நான் கணக்கே போடவில்லை. மண்ணின் வகை எனக்கு முக்கியம், அவர்களுக்கு ரயில் நேரம் முக்கியம். அவரே பென்சிலை வாங்கிப் போட்டார்: ஒரு ரயிலுக்கு ஏழு நிமிஷம், நாளைக்குப் பதினாலு ரயில், ஆக 98 நிமிஷம். இப்படி வருஷத்தில் ஐந்து மாதம். அதன்மேல் காவல் ஆட்களின் சம்பளம், டீசல்.

"இப்போது இதைத் திருப்பி நிறுத்து" என்றார். அதாவது முதல் வாக்கியத்தில் 98 நிமிஷம், இரண்டாவதில் வாய்க்கால், மூன்றாவதில் பணம். மண் வகையும் கடிதத் தேதிகளும் கேட்டால் காட்டுவதற்குப் பையில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டே நிமிஷம். "சார், இந்த ஒரு கட்டிங்கில் நாம் தினமும் 98 நிமிஷம் இழக்கிறோம்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். டீ பற்றி யாரும் கேட்கவில்லை. பணம் உடனே வந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். அடுத்த பட்ஜெட்டில் பாதி வந்தது, அதற்கடுத்ததில் மீதி. ஆனால் வாய்க்கால் வந்தது. அந்தக் கேங்மேன் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒழுங்காகப் பேசியிருந்தால் என்ற எண்ணம் இப்போதும் வரும்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் பிடித்தது. கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். அப்படிப் படித்ததில், நம்மவர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய விண்ணப்பங்களிலேயே பெரிய பலன் தந்தது எது என்று கேட்டால், 1913 ஜனவரி 16ஆம் தேதி சென்னைத் துறைமுக ஆபீசிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதத்தைத்தான் சொல்வேன். கணித மேதை ராமானுஜன் ஹார்டிக்கு எழுதியது. மேதையின் கணக்கு எனக்குப் புரியாது. கடிதம் புரியும்.

அதை ஒரு டிப்ளமாக்காரன் கண்ணோடு பாருங்கள். நான் இன்ன ஆபீசில் கணக்குப் பிரிவில் வருஷம் 20 பவுன் சம்பளத்துக் குமாஸ்தா என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். வயது சுமார் 23 என்கிறார். உண்மையில் 25 முடிந்துவிட்டது, அது இருக்கட்டும். கல்லூரிப் பட்டம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பிறகு ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலின் பக்கத்தையே எடுத்துக் காட்டி, பகா எண்கள் பற்றி இப்படி ஒரு கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நான் ஒன்று கண்டிருக்கிறேன் என்கிறார். எதிராளியின் வீட்டு வாசலிலேயே போய் நின்று பேசுவது என்றால் இதுதான். அந்தக் குறிப்பிட்ட கோவையில் பிழை இருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் ஹார்டி மேலே படித்துவிட்டார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூற்றுக்கு மேல். கடைசியில், மதிப்புள்ளதாகத் தோன்றினால் வெளியிட உதவுங்கள், நான் ஏழை என்று கேட்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார் பாருங்கள்.

இதற்கு முன் அவர் கேம்பிரிட்ஜில் வேறு பெரியவர்களுக்கும் எழுதிப் பலன் இல்லாமல் போயிருந்தது. ஹார்டி மட்டும் நண்பர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அன்றிரவே உட்கார்ந்து பார்த்தார். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார்.

நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் கடிதத்தின் இங்கிலீஷ் முழுக்க ராமானுஜனுடையதாக இருக்க முடியாது, யாரோ உதவியிருக்க வேண்டும் என்று ஹார்டியே பின்னால் எழுதியிருக்கிறார். ஆபீசில் அவருக்கு மேலே நாராயண ஐயர் என்ற கணிதம் தெரிந்த அதிகாரி இருந்தார். அவருக்கும் மேலே, துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பாலம் கட்டும் ரயில்வேக்காரர்களுக்கு ஸ்பிரிங் சொந்தக்காரர் மாதிரி. 1903இல் அவர் எழுதிய புத்தகம், பாலத்துக்கு இரு பக்கமும் கரை கட்டி, திமிறி ஓடும் ஆற்றை எப்படி நடுவே வரவழைப்பது என்பது பற்றியது. ஆற்றையே வழிக்குக் கொண்டுவந்தவருக்கு அதிகாரிகளை வழிக்குக் கொண்டுவருவது பெரிதா? அவரும் கடிதங்கள் எழுதினார். சென்னை இஞ்சினியரிங் கல்லூரியின் சிவில் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதினார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

ஆகவே இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறினால் பக்கத்து வீட்டு மாமாவிடம் காட்டித் திருத்திக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. திருவல்லிக்கேணிப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, பின்னாளில் 'வெள்ளி நாக்கு' என்று ஆங்கிலேயரே புகழ்ந்த ஸ்ரீனிவாச சாஸ்திரியார் போல நாம் எல்லோரும் பேச வேண்டியதில்லை. அது வேறு வரம்.

இப்போது நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஊரில் வாதாடி மனத்தை மாற்றும் கலையை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் இங்கிலீஷில் பேசி அதைச் செய்யவில்லை. அவர் வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ். ராஜமுந்திரிக்காரர், 1979இல் வனப்பணியில் சேர்ந்தவர். துப்பாக்கியோடு வந்து போகும் அதிகாரிகளுக்கு நடுவே இவர் கோபிநத்தத்திலேயே வந்து தங்கினார். மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார். குடிதண்ணீர், ரோடு, வீடு என்று பார்த்தார். ஊருக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். வீரப்பனோடு இருந்த ஆட்கள் பலரைப் பேசிப் பேசியே சரணடைய வைத்தார். அவர் அந்த ஊரிடம் கேட்டது ஒன்றுதான், கேட்பதற்கு முன்பு கொடுத்தது பல. கடைசியில், வீரப்பன் சரணடையத் தயார் என்று வந்த செய்தியை நம்பி ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போனார். 1991 நவம்பர் 10ஆம் தேதி கொல்லப்பட்டார். மறு வருஷம் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கினார்கள். வீரப்பன் கதை 2004 அக்டோபர் 18ஆம் தேதி பாப்பாரப்பட்டி அருகே முடிந்தது.

அந்த வருஷங்களில் நான் வெளியூர்களில் வேலையில் இருந்தேன். 'சொந்த ஊர் எது?' என்று யார் கேட்டாலும் 'கொள்ளேகால் பக்கம்' என்பேன். 1993 ஏப்ரலில் பாலாற்றுக் கண்ணிவெடிக்குப் பிறகு 'மேட்டூர் பக்கம்' என்று மாற்றினேன். 2000இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்ட அந்த 108 நாட்கள் இங்கே நாம் எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம் என்பதை இதைப் படிக்கும் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஊர் பெயரே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். தண்டவாளத்தைப் பற்றி இரண்டு நிமிஷத்தில் பேசக் கற்றுக்கொண்டவன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு என் அண்ணன் பேரன் வந்தான். இங்கே இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். ஊரில் யானைத் தொல்லை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் ஆண்கள் பரண் மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு இரவைக் கழிப்பார்கள். கொஞ்சம் கண் அசந்தால் ஒரு வருஷத்துச் சோறு போச்சு. வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, யானை அதைத் தொட்டதும் வீட்டில் செல்போன் அடிக்கும்படி இவன் ஒரு கருவி செய்திருக்கிறான். ஒரு வயலுக்கு 4,200 ரூபாய். பெங்களூரில் ஒரு போட்டி, ஐந்து நிமிஷம் பேச வேண்டும், நன்றாக இருந்தால் பணம் தருவார்களாம்.

"சொல்லிக் காட்டு" என்றேன்.

எழுந்து விறைப்பாக நின்றான். "குட்மார்னிங் ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ், மைசெல்ஃப்..." என்று ஆரம்பித்தான்.

"மைசெல்ஃப் என்று ஆரம்பிக்காதே, கண்ணு" என்றேன். "ஏனுங் தாத்தா, எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்றான். நிறுத்தாமல் மேலே போகச் சொன்னேன். மனித விலங்கு மோதல் என்றால் என்ன என்று விளக்கம், பாரதத்தில் எத்தனை யானை, உலகத்தில் எத்தனை யானை, சென்சார் எப்படி வேலை செய்கிறது. நாலு நிமிஷம் ஆயிற்று. கம்பியும் வரவில்லை, வயலும் வரவில்லை. அதே மரத்தடிக்காரர், என் பேரன் வாயிலும் வந்து உட்கார்ந்திருந்தார்.

இங்கிலீஷை ஓரமாக வை, போன வருஷம் உங்கள் பெரியப்பா வயலில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பையன் மடமடவென்று சொன்னான். பெரியப்பாவுக்குக் காய்ச்சலுங்க, பரணில இருந்தவரு விடிகாலை மூணு மணிக்குத் தூங்கிட்டாருங்க, எந்திரிச்சுப் பார்த்தா அரை ஏக்கரு தரையோட தரைங்க, பெரியம்மா வரப்புல உக்காந்து அழுதாங்க. சொல்லும்போது அவன் கை தானாக ஆடியது, கண் என்னைப் பார்த்தது. "இதைத்தான்டா இங்கிலீஷில் சொல்லணும்" என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். நான் செய்தது அதிகம் இல்லை. 'ஐ ஆம் ஹேவிங்' போன்றவற்றை எடுத்தேன். அவனுக்கு வாயில் நுழையாத வார்த்தைகளை அவனே சொல்லும் வார்த்தைகளாக மாற்றினேன். 'நான் கண்டுபிடித்தேன்' என்று நாலு இடத்தில் இருந்ததை ஒன்றாக்கி, மற்ற இடங்களில் 'எங்கள் ஊரில் நாங்கள்' என்று போட்டோம். வடகிழக்கு எல்லை ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தில் யானை அடிபடாமல் இருக்க, தேனீக்கள் ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் போட்டு விரட்டும் ஏற்பாடு செய்து, அதற்கு 'பிளான் பீ' என்று பெயர் வைத்தார்கள், 2017இல். கேட்டவுடன் மனதில் ஒட்டுகிறது பாருங்கள். உன் கருவிக்கும் ஒரு பெயர் வை என்றேன். 'பரண்' என்று வைத்தான். எனக்குப் பிடித்தது. இங்கிலீஷ்காரர்கள் என்ன அர்த்தம் என்று கேட்பார்களே என்றேன். "கேக்கட்டுமுங் தாத்தா, கேட்டா அரை நிமிஷம் சேத்திப் பேசலாமுங்க" என்றான். என்னைவிடக் கெட்டிக்காரன்.

முதல் வாக்கியத்தில்தான் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. 'சாமராஜநகர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில்' என்று நான் எழுதிக்கொடுத்திருந்தேன். அவன் அதை அடித்துவிட்டுக் 'கோபிநத்தத்தில்' என்று எழுதினான். வேண்டாம் கண்ணு, அந்தப் பெயரைச் சொன்னால் மற்றது எதுவும் காதில் விழாது என்றேன். ஹாஸ்டலில் ஏற்கெனவே அவனைக் கிண்டல் செய்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். அவன் குனிந்துகொண்டே, "ஊர் பேரு இல்லாம எப்படிங் தாத்தா அந்த வயலு நிசம்னு நம்புவாங்க?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

பெங்களூருக்கு நானும் கூடப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் கை வியர்த்த அளவுக்கு அவன் கை வியர்த்ததாகத் தெரியவில்லை. 'ராகி மாதத்தில் கோபிநத்தத்தில் என் பெரியப்பா இரவில் தூங்குவதில்லை' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். உச்சரிப்பு எங்கள் ஊர் உச்சரிப்புதான். நாலு நிமிஷம் நாற்பது விநாடி. கேட்க வேண்டியதையும் கேட்டான்: இருபது வயலுக்குக் கருவி வைக்க 84,000 ரூபாய், ஒரு அறுவடைக் காலம்.

நடுவர்களில் ஒருவர், "கோபிநத்தமா? வீரப்பன் ஊரா?" என்றார். கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இது நாங்கள் ஒத்திகை பார்க்காத கேள்வி. பையன், "யெஸ் சார், அதே ஊர்தான். சீனிவாஸ் சார் கோயில் கட்டின ஊரும் அதுதான்" என்றான். சிரிப்பு நின்றது. அந்த நடுவருக்கு சீனிவாஸ் யார் என்று தெரிந்திருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, மழையில் கம்பி தொய்ந்தால் கருவி என்ன செய்யும் என்று கேட்டார்.

பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு ஏதோ செல்போன் செயலிக்குப் போயிற்று. ஊருக்குத் திரும்பும் ரயிலில் பையன் பேசவே இல்லை, மத்தூரில் வடை வாங்கிக் கொடுத்தும் கையிலேயே வைத்திருந்தான். நானும் ஆறுதல் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அந்த நடுவரிடமிருந்து தகவல் வந்தது. முதலில் இரண்டு வயலில் வைத்துப் பார்க்கலாம், செலவு விவரத்தோடு ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பு என்று.

பொங்கலன்று கேட்ட அம்மையாருக்கும் மற்றவர்களுக்கும்: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்து நூலக அறையில் இருப்பேன். பிள்ளைகள் புத்தகம் கொண்டுவர வேண்டாம். யாரிடமாவது கேட்டுப் பெறவேண்டிய ஒரு விஷயத்தோடு வந்தால் போதும். முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன். பெற்றோர் வெளியே காப்பி சாப்பிடலாம்.

பேரன் அந்த ஒரு பக்கத்தை எழுதி நேற்று எனக்கு அனுப்பியிருந்தான். நன்றாகவே இருந்தது. மூன்றாவது பத்தியில் மட்டும் 'கைண்ட்லி டு தி நீட்ஃபுல்' என்று இருந்தது. அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். ராகி கதிர் பிடிக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறதாம்.